பூமியின் கருவம் இரும்பு சல்பைடா? கந்தகத்துக்கு எவ்வளவு இடம் உண்டு?

கல்தேடி | மார்ச் 4, காலை 10:12

என் வாதம் இது. இரும்பு விண்கற்களில் உலோகத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ட்ராய்லைட், அதாவது இரும்பு சல்பைடு. பூமியின் கவசத்தில் (கருவத்தைச் சுற்றியுள்ள பாறை அடுக்கு) கந்தகம் வெறும் 200 முதல் 250 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் அத்தனை பங்கு. மீதி எங்கே போயிருக்கும்? கருவத்துக்குத்தான். வெளிக்கருவம் தூய இரும்பைவிட ஏறக்குறைய 10% இலேசு என்கிறார்கள். கந்தகம் இலேசான தனிமம், இரும்போடு நன்றாகக் கலக்கும். ஆகவே வெளிக்கருவத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் இருக்கிறது, பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எங்கே இடிக்கிறது?

வைரஉளி | மார்ச் 4, பிற்பகல் 2:40

மூன்று இடத்தில் இடிக்கிறது. முதல் இடத்தை மட்டும் இப்போது சொல்கிறேன்.

வெளிக்கருவத்தில் 10% கந்தகம் என்றால் பூமி முழுவதற்கும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவம் பூமி நிறையில் சுமார் 32%. ஆக மொத்தப் பூமியில் 3 விழுக்காட்டை ஒட்டிக் கந்தகம் வேண்டும். எதையும் ஆவியாக்கி இழக்காத சிஐ வகை விண்கற்களிலேயே கந்தகம் 5.4% தான். பூமியோ ஆவியாகக்கூடியவற்றில் பெரும்பகுதியை இழந்த கோள்.

எவ்வளவு இழந்தது என்று அளக்கத் துத்தநாகம் உதவும். கந்தகமும் துத்தநாகமும் ஆதிச் சூரிய மேகத்தில் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், 650 முதல் 730 கெல்வினுக்குள், பாதி உறைந்துவிடும். துத்தநாகம் கருவத்துக்கு அவ்வளவாகப் போகாது, கவசத்தில் தங்கும். கவசத்தில் இன்று இருக்கும் துத்தநாகத்தைப் பார்த்தால் அதன் பெரும்பகுதி பூமிக்கு வந்தே சேரவில்லை என்று தெரிகிறது. அதே விகிதத்தில் கந்தகமும் வந்திருந்தால் மொத்தப் பூமியில் 0.6% சொச்சம், கருவத்தில் 2 விழுக்காட்டுக்குள். ட்ரைபஸும் பால்மேயும் 1996இல் இப்படித்தான் 1.7% என்ற உச்சவரம்புக்கு வந்தார்கள்.

10% வேண்டும் என்றால் துத்தநாகம் குறைந்த அளவுக்குக் கந்தகம் ஏன் குறையவில்லை என்று தனியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

கல்தேடி | மார்ச் 4, மாலை 6:05

2% என்றால் ஒன்றுமே இல்லையே.

வைரஉளி | மார்ச் 4, மாலை 6:31

கருவத்தின் நிறை 1.94 × 10^24 கிலோ. அதில் 1.7% என்றால் 3.3 × 10^22 கிலோ. நிலாவின் நிறையில் பாதிக்குச் சற்றுக் கம்மி. கவசம் முழுவதிலும் உள்ள கந்தகத்தைப் போல 40 மடங்கு. 'போன கந்தகமெல்லாம் கருவத்தில்' என்ற உங்கள் வரி சரிதான். அடர்த்திக் குறைவை நிரப்பத்தான் அது போதாது.

அலைநேரம் | மார்ச் 5, காலை 7:50

அடர்த்தி பற்றிப் பேசுமுன் எண்களை வைத்துக்கொள்வோம். நில அதிர்வு அலைகளை வைத்து 1981இல் வந்த ஜீவான்ஸ்கி-ஆண்டர்சன் பூமி மாதிரியைத்தான் இன்னும் எல்லாரும் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

கவச எல்லை (கவசம் முடிந்து திரவ வெளிக்கருவம் தொடங்கும் இடம்): ஆழம் 2891 கி.மீ., அழுத்தம் 136 ஜிகாபாஸ்கல். திரவப் பக்கம் அடர்த்தி கன செ.மீ.க்கு 9.9 கிராம்.
உட்கருவ எல்லை (திரவம் முடிந்து திட உட்கருவம் தொடங்கும் இடம்): 5150 கி.மீ., 329 ஜிகாபாஸ்கல். திரவப் பக்கம் 12.17, திடப் பக்கம் 12.76.
மையம்: 364 ஜிகாபாஸ்கல், 13.09.

1952இல் புவி இயற்பியலாளர் பிர்ச் சுட்டியது வெளிக்கருவத்தின் அடர்த்திக் குறைவை. அதைவிட முக்கியமான தடயம் 12.17க்கும் 12.76க்கும் நடுவே உள்ள தாவல். இரும்பு உருகுவதால் மட்டும் வரும் அடர்த்தி வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் கம்மி. இங்கே 4.5 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் இலேசான தனிமங்களில் ஏதோ ஒன்று திடத்துக்குள் நுழையாமல் திரவத்திலேயே தங்குகிறது.

கந்தகம் அப்படிச் செய்வதில்லை. அல்ஃபே, கில்லன், பிரைஸ் மூவரும் 2002இல் குவாண்டம் கணக்கீட்டில் காட்டியது: உட்கருவ எல்லையின் அழுத்தத்தில் கந்தகமும் சிலிக்கானும் திடம், திரவம் இரண்டிலும் கிட்டத்தட்ட சமமாகப் பிரிகின்றன. ஆக்சிஜன்தான் திடத்தைத் தொடாது. கந்தகத்தை எவ்வளவு கூட்டினாலும் இரு பக்கமும் சேர்ந்தே இலேசாகும், தாவல் வராது. இது வைரஉளி சொன்ன மூன்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

வைரஉளி | மார்ச் 5, காலை 9:15

ஆமாம், இரண்டாவது. மூன்றாவது கட்ட வரைபடம், அதாவது எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் எது உருகும், எது உறையும் என்று காட்டும் படம். அதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதற்கு விண்கல்லும் வேண்டாம், நில அதிர்வும் வேண்டாம்.

இரும்பு-கந்தகக் கலவை சாதாரண அழுத்தத்தில் எளிய யூடெக்டிக்: இரண்டும் தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் ஒரு கலவைப் புள்ளி உண்டு, அதுதான் யூடெக்டிக் புள்ளி. தூய இரும்பு 1538 டிகிரி செல்சியஸ், சல்பைடு 1190 சொச்சம், நடுவே 31 எடை விழுக்காடு கந்தகத்தில் 988 டிகிரியிலேயே உருகிவிடும். அழுத்தம் ஏற ஏற மூன்று காரியம் நடக்கிறது.

ஒன்று, யூடெக்டிக் வெப்பநிலை முதலில் ஏறாமல் இறங்குகிறது. 14 ஜிகாபாஸ்கலில் 860 டிகிரி. பழைய அளவீடுகளை அப்படியே நீட்டினால் வரும் மதிப்பைவிட 400 டிகிரி கம்மி. 1997இல் ஃபே யிங்வெய் குழு இதை வெளியிட்டபோது சின்னக் கோள்களின் கருவ வெப்பநிலைகளை மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

இரண்டு, புதுச் சேர்மங்கள் முளைக்கின்றன. 14க்கு மேல் 3:2 (இரும்பு மூன்று, கந்தகம் இரண்டு). 21இல் 2:1, 3:1. இதில் 3:1 சல்பைடு நாற்கோணப் படிகம், இரும்பு பாஸ்பைடின் அமைப்பு. கருவத்தைப் பற்றிய பேச்சில் பல ஆண்டுகள் இதுதான் கதாநாயகன்.

மூன்று, யூடெக்டிக் புள்ளி இரும்புப் பக்கம் நகர்கிறது. 31 விழுக்காட்டில் தொடங்கியது 21 ஜிகாபாஸ்கலில் 15 பக்கம். 2017இல் மோரி குழு 254 ஜிகாபாஸ்கல் வரை கொண்டுபோய் அளந்தபோது 5.7 எடை விழுக்காடு.

இப்போது கல்தேடியின் 10 விழுக்காட்டுத் திரவத்தை உட்கருவ எல்லையில் வைத்துக் குளிரவிடுங்கள். யூடெக்டிக் 5.7க்கும் கீழே. திரவம் அதன் கந்தகப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே முதலில் உறைவது இரும்பு அல்ல, சல்பைடு. சல்பைடாலான உட்கருவத்துக்கு 12.76 கிராம் அடர்த்தி வராது. அது மையத்தில் சேர்வதற்குப் பதில் மேலே மிதக்கும். நம் உட்கருவமோ மையத்தில்தான் இருக்கிறது.

கல்தேடி | மார்ச் 5, பகல் 12:20

ஆனால் 3:1 சல்பைடில் கந்தகம் 25% இல்லையா? நீங்கள் 5.7 என்கிறீர்கள். நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி?

உலைமுகம் | மார்ச் 5, பகல் 1:02

25 என்பது அணு விழுக்காடு. எடையில் 16.06. இந்தத் துறையில் பாதிச் சண்டை இதனால்தான். ஒரு அட்டவணை போதும்:

1:1 சல்பைடு: 50 அணு, 36.5 எடை
3:2: 40 அணு, 27.7 எடை
2:1: 33.3 அணு, 22.3 எடை
3:1: 25 அணு, 16.06 எடை
மோரியின் 5.7 எடை: 9.5 அணு

உட்கருவத்தில் '8% கந்தகம்' என்று எங்கேயாவது பார்த்தால் முதலில் இது அணுவா எடையா என்று பாருங்கள். கணக்கீட்டுக்காரர்கள் அணுவில் பேசுவார்கள், சோதனைக்காரர்கள் பெரும்பாலும் எடையில்.

அலைநேரம் | மார்ச் 5, இரவு 9:44

வைரஉளி, 3:1 கதாநாயகன் கடைசிவரை வருவதில்லையே. 2013இல் ஒசாவா குழு 250 ஜிகாபாஸ்கலுக்கு மேல் அது சிதைவதைக் காட்டியது. உட்கருவ அழுத்தத்தில் 3:1 என்ற ஒன்றே இல்லை.

வைரஉளி | மார்ச் 6, காலை 8:30

இடைவேளைக்குப் பிறகு வேறு கதாநாயகன். ஒசாவா குழு சொன்னது: 3:1 சிதைந்து இரும்பாகவும், சீசியம் குளோரைடு அமைப்புள்ள 1:1 சல்பைடாகவும் பிரிகிறது. 2019இல் டதேனோ குழு உட்கருவ அழுத்தத்தில் இரும்பு மிகுந்த சல்பைடு 2:1 தான் என்றது. எது சரியானாலும் மேலே சொன்ன வாதம் மாறாது: யூடெக்டிக்கின் கந்தகப் பக்கம் முதலில் உறைவது ஏதோ ஒரு சல்பைடு.

1:1 சல்பைடின் படிக வடிவங்களைத் தனியாக எழுத வேண்டும். அறை வெப்பநிலையில் ட்ராய்லைட் 3.4 ஜிகாபாஸ்கலில் மாங்கனீசு பாஸ்பைடு அமைப்புக்கும், 6.7இல் ஒற்றைச்சரிவுப் படிகத்துக்கும் மாறும். இரண்டாவது மாற்றத்தில் இரும்பின் எலக்ட்ரான் சுழற்சி நிலையும் சரிகிறது, காந்தத் தன்மை போய்விடும். சூடாக்கினால் நிக்கல் ஆர்சனைடு அமைப்பு. அழுத்தம் இன்னும் பல மடங்கு ஏறினால் சீசியம் குளோரைடு அமைப்பு. ட்ராய்லைட்டின் அமுங்குதன்மையை 3 ஜிகாபாஸ்கலில் அளந்து 136க்கு நீட்டுபவர்கள் இத்தனை மாற்றத்தையும் தாண்டிக் குதிக்கிறார்கள். 1970களின் அதிர்ச்சி அலை அளவீடுகளிலிருந்து வெளிக்கருவத்துக்கு 9 முதல் 12% கந்தகம் என்று மதிப்பிட்டார்கள். கல்தேடியின் 10% ஏறக்குறைய அந்தக் காலத்து எண்.

கல்தேடி | மார்ச் 6, காலை 11:18

இந்த 5.7ஐ எப்படி அளந்தார்கள்? மனித முடி அகலம்கூட இல்லாத மாதிரியில் தசமத்தில் எண் சொல்வது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உலைமுகம் | மார்ச் 6, மாலை 4:25

சந்தேகப்படுவது நல்லது. தொடக்கப் பொருளிலிருந்து வருகிறேன்.

10 கிராம் ட்ராய்லைட் செய்ய இரும்பு 6.353, கந்தகம் 3.647 கிராம். இரும்புத் தூளை முதலில் ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி ஆக்சைடை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச ஆக்சைடு சிலிக்கா குழாயைத் தின்னும், சல்பைடுக்குள் ஆக்சிஜன் ஏறும். குழாயை வெற்றிடமாக்கி மூடி, 400 முதல் 450 டிகிரியில் ஒரு நாள் நிறுத்துங்கள். கந்தகம் 445 டிகிரியில் கொதிக்கிறது. நேராக 900க்கு ஏற்றினால் இரும்பு அதை உறிஞ்சுமுன் ஆவி அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கும். தனிக் கந்தகத்தின் மஞ்சள் படலம் சுவரில் தெரியாத நிலை வந்த பிறகுதான் 900 டிகிரிக்கு மேல்.

வந்தது ட்ராய்லைட்டா, இரும்பு குறைந்த பிர்ரோடைட்டா? எக்ஸ் கதிர் வரிகளில் வலுவானது 2.09 ஆங்ஸ்ட்ராமில் நின்றால் ட்ராய்லைட். 2.06, 2.07 என்று குறுகினால் இரும்பு குறைவு. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றைச்சரிவுப் பிர்ரோடைட்டும் ஒட்டும், வினைபுரியாமல் மிஞ்சிய இரும்பும் ஒட்டும். ஒட்டியது எது என்று காந்தம் சொல்லாது.

3:1 கலவைக்கு 10 கிராமில் ட்ராய்லைட் 4.404, இரும்பு 5.596. இரண்டும் மைக்ரானுக்குக் கீழே அரைபட வேண்டும். வைரக் கலத்தில் (இரு வைர முனைகளுக்கு நடுவே மாதிரியை நசுக்கி லேசரால் சூடாக்கும் கருவி) சூடாகும் புள்ளியே 20 முதல் 40 மைக்ரான். அதற்குள் 5 மைக்ரான் இரும்புத் துகள் ஒன்று இருந்தால் அந்த இடத்தின் கலவை நீங்கள் நிறுத்துப் போட்ட கலவை அல்ல.

வைரஉளி | மார்ச் 6, இரவு 10:10

கலத்துக்குள் நடப்பதை நான் தொடர்கிறேன்.

150, 200 ஜிகாபாஸ்கலுக்கு 100 மைக்ரானை ஒட்டிய முகமும் சுற்றிலும் சரிவும் வெட்டிய வைரங்கள். 300ஐத் தாண்ட முகம் 40 மைக்ரான். மாதிரியைச் சுற்றி நிற்கும் கேஸ்கெட் தகடு ரீனியம் உலோகம், முன்னழுத்தி 30 மைக்ரான் தடிப்புக்குக் கொண்டுவந்து, முகத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை துளை. மாதிரி 5 முதல் 10 மைக்ரான் தகடு. அதன் இரு பக்கமும் பொட்டாசியம் குளோரைடோ அலுமினாவோ. இந்தப் படலம் இல்லாமல் உலோகம் வைரத்தைத் தொட்டால் சூடே ஏறாது, வைரம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடும்.

கெடுவது மூன்று வழியில்.

ஈரம்: பொட்டாசியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுக்கும். மூடுமுன் 120 டிகிரியில் வெற்றிடத்தில் கலத்தை உலர்த்த வேண்டும். தவறினால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போகும், அணுக்கள் அடுக்கிய படிக அமைப்பு வீங்கும், உருகுநிலை இறங்கும். வரைபடத்தில் அது கந்தகத்தின் வேலை போலவே தெரியும்.

கார்பன்: வைரமே கார்பன். நீண்ட நேரம் சூடாக்கினால் மாதிரிக்குள் கசியும். கார்பைடு வரிகள் வந்தால் அந்த ஓட்டத்தைத் தூக்கி எறிவதே மேல்.

வெப்பச் சரிவு: லேசர் புள்ளியின் மையத்துக்கும் ஓரத்துக்கும் ஆயிரம் கெல்வின் வித்தியாசம் வரும். உருகியதும் கந்தகம் ஓர் இடத்திலும் இரும்பு ஓர் இடத்திலும் ஒதுங்கத் தொடங்கும். அதனால்தான் உருகிய பிறகு நொடிக் கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள்.

அழுத்தம் சொல்வதிலும் ஒரு சூட்சுமம். பொட்டாசியம் குளோரைடின் கன அளவிலிருந்து அழுத்தம் எடுக்கிறோம், ஆனால் அது மாதிரியைவிடக் குளிர்ந்தது. ஒரு பக்கம் சூடான உலோகம், மறுபக்கம் அறை வெப்பநிலை வைரம். பலர் அளந்த வெப்பநிலையின் முக்கால் பங்கும் 295 கெல்வினின் கால் பங்கும் கூட்டிக்கொள்கிறார்கள். மாதிரி 3000 என்றால் படலம் சுமார் 2320. இதைச் செய்யாமல் 3000ஐயே போட்டால் அழுத்தம் கூடுதலாக வரும்.

உலைமுகம் | மார்ச் 7, காலை 6:55

கடைசிப் படிதான் 5.7ஐத் தருவது. மாதிரியைக் குளிர்வித்து, அழுத்தம் இறக்கி, காலியம் அயனிக் கற்றையால் சூடான புள்ளியின் குறுக்கே வெட்டி, மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றை அடித்து, வரும் எக்ஸ் கதிரிலிருந்து கலவையைச் சொல்லும் கருவி) அளப்பார்கள். இரும்பு-கந்தகத் திரவம் கண்ணாடியாக உறையவே உறையாது. லேசரை அணைத்த கணத்தில் பெரணி இலை போலக் கிளைவிட்ட இரும்பும் நடுநடுவே சல்பைடும். கற்றையைக் குவித்து ஒரு புள்ளியில் அடித்தால் 2% வரும், பக்கத்தில் 14% வரும். இரண்டும் திரவத்தின் கலவை அல்ல. கற்றையை விரித்து, அல்லது உருகிய குட்டை முழுவதையும் கட்டம் கட்டமாக அளந்து, சராசரி எடுக்க வேண்டும். வைரக் கலத்தில் குட்டையே சில மைக்ரான், ஆகவே கட்டம் கட்டமாக அளப்பதுதான் வழி. 15 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் ஒரு மைக்ரான் அளவுக்குப் பரவும். 10க்கு இறக்கினால் பரவல் குறையும், ஆனால் இரும்பை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிரான கே-வரிக்குத் தூண்டல் பலவீனமாகும்.

அளந்த தனிமங்களின் மொத்தம் 98 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் ஆக்சிஜனையும் கார்பனையும் தேடுங்கள். ஹைட்ரஜன் இருந்திருந்தால் அழுத்தம் இறங்கியபோதே ஓடியிருக்கும், எந்தக் கருவிக்கும் அகப்படாது.

மல்டி ஆன்விலில் (பல அச்சுகளால் எல்லாப் பக்கமும் அழுத்தும் கருவி) மாதிரி பெரிது, 10 முதல் 50 மைக்ரான் கற்றையே போதும். அங்கே தொல்லை மெருகூட்டுதல். தண்ணீர் பட்டால் சல்பைடு மங்கும், எத்தனால் அல்லது எண்ணெய் கலந்த வைரப் பசைதான். கிராஃபைட் கூடு போட்டால் கார்பன் சேரும், மக்னீசியாவே (மக்னீசியம் ஆக்சைடு) பாதுகாப்பு.

கல்தேடி | மார்ச் 7, காலை 10:40

சரி, 10% போச்சு. அப்படியானால் மீதி இலேசு யாருடையது?

வைரஉளி | மார்ச் 7, காலை 11:05

கட்சிகள் நிறைய. தாவலைக் காட்டி ஆக்சிஜன் கட்சி, மக்னீசியம்-சிலிக்கான் விகிதத்தைக் காட்டிச் சிலிக்கான் கட்சி, சமீபமாக ஆள் சேர்ப்பது ஹைட்ரஜன் கட்சி. கந்தகக் கட்சிக்கு 2 விழுக்காடு நிரந்தர வாக்கு வங்கி, ஆட்சிதான் கிடைக்காது. கூட்டணிதான் ஒரே வழி.

அலைநேரம் | மார்ச் 8, மாலை 5:30

அந்த 2%க்குத் தனிச் சாட்சி ஒன்றும் உண்டு. 2013இல் லாபிடி குழு நடுக்கடல் முகட்டு எரிமலைப் பாறைகளில் கந்தக ஐசோடோப்புகளை அளந்தது. கவசத்தின் கந்தகம்-34 விகிதம் விண்கற்களைவிடக் குறைவு, ஆயிரத்துக்கு 1.3 அளவில். கந்தகம் முழுவதும் பின்னாளில் விண்கல் மழையாக வந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். கருவம் பிரிந்தபோது கந்தகம் உள்ளே போனதன் தழும்பு இது என்கிறார்கள். எவ்வளவு போனது என்று இது சொல்லாது, போனது என்று சொல்லும்.

கல்தேடி | மார்ச் 8, இரவு 8:15

செவ்வாய்க்கும் இதே கதைதானா?

வைரஉளி | மார்ச் 9, காலை 7:20

இல்லை. அங்கே கந்தகம் ஆட்சிக்கே வரலாம். கருவத்தின் மேல் எல்லை 20 ஜிகாபாஸ்கலை ஒட்டியது, அந்த அழுத்தத்தில் யூடெக்டிக் 15 விழுக்காட்டுப் பக்கம். உச்சவரம்பு தானாகவே உயர்ந்துவிடுகிறது. செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் தந்த நில அதிர்வுத் தரவில் 2021இல் கருவ ஆரம் 1830 கி.மீ., அடர்த்தி 6 கிராம் பக்கம் என்றார்கள். அதற்கு எல்லாரும் நம்பக்கூடிய அளவைவிட அதிகமான இலேசுத் தனிமம் தேவைப்பட்டது. 2023இல் இரண்டு குழுக்கள் கருவத்துக்கு மேலே உருகிய சிலிக்கேட் அடுக்கு ஒன்றைக் கண்டு ஆரத்தை 1650 முதல் 1675க்குக் குறைத்தன. அடர்த்தி 6.5 அளவுக்கு ஏறியது. நெருக்கடி தணிந்தது, தீரவில்லை.

இன்னொன்று: 14க்கு மேல்தான் 3:2 சேர்மம் உண்டாகும் என்பதால், அது விண்கல்லில் கிடைத்தால் தாய்க்கோளின் குறைந்தபட்ச அளவைச் சொல்லிவிடலாம் என்று 1997 கட்டுரையிலேயே எழுதினார்கள். கல்தேடி, உங்கள் பெயருக்கேற்ற வேலை.

உலைமுகம் | மார்ச் 9, பகல் 12:48

5.7 உச்சவரம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது இரும்பு-கந்தகம் இரண்டு மட்டும் உள்ள கலவைக்கு. மூன்றாவதாகச் சிலிக்கானோ ஆக்சிஜனோ ஹைட்ரஜனோ வந்தால் யூடெக்டிக் புள்ளி நகரும், சில இடத்தில் திரவமே இரண்டாகப் பிரியும். 2022இல் யோகூ குழு செவ்வாய்க் கருவ அழுத்தத்தில் இரும்பு-கந்தகம்-ஹைட்ரஜன் திரவம் அப்படிப் பிரிவதைக் காட்டியது. ஆகவே 5.7ஐ வேலி என்று எடுத்துக்கொள்ளலாம், சுவர் என்று வேண்டாம்.

வைரஉளி | மார்ச் 9, பிற்பகல் 3:33

ஒப்புக்கொள்கிறேன். வேலி நகர்ந்தாலும் துத்தநாகக் கணக்கு நகராது. மாதிரி போடுகிறவர்கள் கந்தகத்தை 1.7 முதல் 2 எடை விழுக்காட்டில் கட்டிவைத்துவிட்டு, ஆக்சிஜன், சிலிக்கான், ஹைட்ரஜன் மூன்றையும் மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. நான்கையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் அடர்த்திக்கும் அலை வேகத்துக்கும் பொருந்தும் விடைகள் கணக்கில்லாமல் வரும்.